சாலட் மேல கோவம் இல்ல, வெள்ளரிக்காய் மேலதான்

மக்களே, மொதல்லயே சொல்லிடறேன். பாக்க சமையல் குறிப்பு மாதிரி இருக்கும், ஆனா இது சண்டைப் பதிவு. நடுவுல குறிப்பும் வரும். குறிப்பு மட்டும் போதும்ங்கறவங்க நேரா கீழ போயிடலாம். ஆனா திட்டு யாருக்குன்னு தெரியாமப் போயிடும், அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம். ஆபீஸ் பேண்ட்ரியில டப்பாவைத் திறந்தேன். உள்ள சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு, ஓரம் கருகின காலிஃப்ளவர், மொறுமொறுன்னு கொண்டைக்கடலை, வெங்காயம், கை நிறைய கொத்தமல்லி, மேல எள்ளு அரைச்சு ஊத்தினது. பக்கத்து சீட்டு நண்பர் எட்டிப் பாத்துட்டு, "என்ன பாஸ், உடம்பு சரியில்லையா?"ன்னார். அடுத்து வந்தவர், "டயட்டா?" மூணாவதா வந்தவர் எங்க டீம் லீட். "என்ன, வீட்ல பொண்ணு பாக்க ஆரம்பிச்சுட்டாங்களா?"ன்னு கேட்டுட்டு அவரே சிரிச்சிக்கிட்டார்.

மூணு பேர், மூணு கேள்வி. ஒருத்தராவது "நல்லா இருக்கா?"ன்னு கேட்டாரா? பிரியாணி டப்பாவைத் திறந்திருந்தா கேட்டிருப்பாங்க. கேட்டிருப்பாங்க என்ன, ஸ்பூனோட வந்திருப்பாங்க. சாலட்னு தெரிஞ்சதும் அது சாப்பாடு இல்ல, நோயோட அறிகுறி ஆயிடுது.

அவங்க மேல தப்பு இல்ல. இத்தனை வருஷமா நம்மாளுங்களுக்கு சாலட்னு காட்டப்பட்டது என்னன்னு யோசிச்சுப் பாருங்க. எந்தக் கேண்டீனுக்கும் போங்க. கடைசி மூலையில ஒரு எவர்சில்வர் தட்டு. அதுல காலைல வெட்டி வெச்ச வெள்ளரிக்காய் வட்டம், காஞ்சு போய் வெள்ளை பூத்த கேரட், நடுவுல வெங்காயம், ஓரத்துல ஒரு எலுமிச்சைத் துண்டு. அந்த எலுமிச்சையை யாரும் பிழிஞ்சதே கிடையாது. அது அலங்காரம். உப்பு கூட போட்டிருக்க மாட்டாங்க. சாலட்ங்கற வார்த்தையே லத்தீன்ல உப்புக்கு இருக்கிற 'சால்'லேருந்து வந்தது சாமி! பேருலயே இருக்கிற பொருளைப் போடாம ஒரு பண்டத்தைப் பண்ணிட்டு, "நம்ம ஜனங்க சாலட் சாப்பிட மாட்டேங்கறாங்க"ன்னு அங்கலாய்ப்பு வேற.

வெள்ளரிக்காய்ல நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பங்கு தண்ணி. 100 கிராம் தின்னா 15 கலோரி. அதாவது அரைக் கிலோ வெள்ளரிக்காயை மாடு மாதிரி மென்னு முழுங்கினாலும் ஒரு இட்லி ரெண்டு இட்லிக்கு மேல தேறாது. அதைச் சாப்பிட்டுட்டு ரெண்டு மணிக்கு மீட்டிங்ல உக்காந்தா, ப்ராஜெக்ட் மேனேஜர் தலையே போண்டா மாதிரி தெரியும். நாலு மணிக்கு நிஜ போண்டா. அப்புறம், "சாலட் எல்லாம் நமக்கு செட் ஆகாது மச்சி." ஆகாதுதான். டிசைனே தப்பு. பக்கை வெச்சு ரிலீஸ் பண்ணிட்டு யூசரைத் திட்டற கதை.

இதுக்கு நேரெதிர்ல இன்னொரு கூட்டம். நானூறு ரூபாய்க்கு ஒரு கிண்ணம் விக்கறாங்க பாருங்க. கினோவா, கேல், அவகாடோ, பேரு வெக்கும்போதே நாக்கு சுளுக்கற மாதிரி ஒரு விதை. மேல பெருசா 'கில்ட் ஃப்ரீ'ன்னு போட்டிருக்கும். யோவ், எனக்கு கில்ட் இருக்குன்னு உனக்கு யாருய்யா சொன்னது? பசிக்குதுன்னு வந்தவன்கிட்ட குத்த உணர்ச்சியை வித்துட்டு, அதைத் தீர்க்கறதுக்கு நானூறு ரூபாயும் வாங்கறது என்ன வியாபாரம்? கேண்டீன்காரர் சாலட்டை அலங்காரம்னு நினைக்கறார், இவங்க பிராயச்சித்தம்னு நினைக்கறாங்க. ரெண்டு பேருக்குமே அது சாப்பாடு இல்ல. என் சண்டை இந்த ரெண்டு பேரோடயும்தான்.

சரி, உனக்கென்னடா இவ்ளோ கோவம்னு கேக்கறீங்களா. சொல்றேன்.

போன வருஷம் ஆபீஸ்ல ஓசி மெடிக்கல் செக்கப் வெச்சாங்க. ஓசின்னா நாம விடுவமா. ரிசல்ட்ல ஹெச்பிஏ1சி 5.9ன்னு வந்தது. 5.7-லேருந்து 6.4 வரைக்கும் இருந்தா சர்க்கரை நோய்க்கு முந்தின கட்டம். எனக்கு வயசு 28. தொப்பை பெருசா கிடையாது, தண்ணி தம் கிடையாது (நம்பணும்!). ஊருக்கு போன் பண்ணி அம்மாகிட்ட சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "உனக்கும் வந்துடுச்சா"ன்னாங்க. அந்த 'உனக்கும்'தான் இந்தப் பதிவு.

அப்பாவுக்கு பதினோரு வருஷமா சுகர். இப்ப ரெண்டு வேளை இன்சுலின். எங்க ஊரு மன்னார்குடி பக்கம். ஒம்போது மா நிலம், நெல்லுதான். சம்பா, தாளடின்னு பேசிப் பேசியே வளந்த வீடு. அந்த வீட்ல போய் "சோத்தைக் கொறைங்கப்பா"ன்னு சொல்றது, கோயில்ல நின்னுக்கிட்டு சாமி இல்லைன்னு சொல்ற மாதிரி. டாக்டர் சொன்னப்ப அப்பா பதில், "நான் விளைய வெக்கறதை நானே திங்கக் கூடாதுன்னா, அப்புறம் எதுக்கு சார் விளைய வெக்கணும்?" டாக்டருக்கே பதில் தெரியல. எனக்கும் இன்னிவரைக்கும் தெரியல.

ஆனா நான் ஒண்ணு பண்ணினேன். பொங்கலுக்குப் போனப்ப ஒரு கிச்சன் தராசு எடுத்துட்டுப் போனேன். அப்பா தட்டை மூணு நாள் மத்தியானம் அவருக்குத் தெரியாம எடை போட்டேன் (அம்மா உடந்தை). சராசரியா சோறு 520 கிராம். காய், அதாவது பொரியலும் கூட்டும் சேத்து, 70 கிராம். சாம்பார்ல மிதந்த ஒத்தை முருங்கைக்காயைக் கணக்குல சேக்கல, அதுல பாதி சக்கை. அம்மா தட்டு இன்னும் மோசம். எல்லாருக்கும் போட்டுட்டு கடைசியா உக்காருவாங்க இல்லையா, அப்ப சட்டியில பொரியல் இருக்காது. சோறும் ரசமும் ஊறுகாயும். மூணு நாள்ல ஒருநாள் அம்மா சாப்பிட்ட காய் சரியா பூஜ்யம் கிராம்.

இதை வெச்சுக்கிட்டு, ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல வெளியிட்ட உணவு வழிகாட்டியைப் பாருங்க. 2000 கலோரி சாப்பிடற ஆளுக்கு ஒருநாளைக்கு தானியம் 250 கிராம் (சமைக்காம), காய்கறி 400 கிராம். நானூறு! எங்க வீட்ல ஒருநாள் முழுக்க நாலு பேருக்கும் சேத்து அவ்ளோதான் வாங்குவாங்க.

உடனே "அதுக்குத்தான் சப்பாத்தி, கேழ்வரகு"ன்னு ஒருத்தர் கை தூக்குவார். தெரியும், வருவீங்கன்னு. ஐ.சி.எம்.ஆர்-இந்தியாப் ஆய்வுன்னு ஒண்ணு, சென்னை ஆளுங்க முன்ன நின்னு நாடு முழுக்க நடத்தினது. நாட்ல பத்து கோடிப் பேருக்கு சுகர்னு 2023-ல சொன்னாங்களே, அதே ஆய்வுதான். 2025-ல அதோட உணவுப் பகுதி 'நேச்சர் மெடிசின்' இதழ்ல வந்தது. இந்தியர்கள் சாப்பிடற கலோரியில 62 சதவீதம் மாவுச்சத்து. அதைவிட முக்கியமா இன்னொண்ணு: வெள்ளை அரிசியை எடுத்துட்டு அந்த இடத்துல கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வெச்சா மட்டும் ஆபத்து குறையறதா தெரியல, மொத்த மாவுச்சத்தைக் குறைச்சாதான். குறைச்ச இடத்துல பருப்பு மாதிரி புரதம் வந்தா பலன் தெரியுது. ஆக, அஞ்சு இட்லிக்கு பதிலா அஞ்சு சப்பாத்தி தின்னுட்டு "நான் கன்ட்ரோல்ல இருக்கேன்"ங்கற மாமாக்களே, உங்களைத்தான் சொல்றாங்க.

அப்ப தட்டுல சோறு இருந்த இடத்தை யார் நிரப்பறது? வெறுமனே 'குறை, குறை'ன்னா அது பட்டினி. பட்டினி ரெண்டு வாரம் தாங்கும். எங்கப்பா ரெண்டு நாள். அந்த இடத்துக்கு ஒரு ஆள் வேணும், வயித்துல தங்கற ஆள். அந்த ஆள் வெள்ளரிக்காய் கிடையாது. இங்கதான் நம்ம ஹீரோ என்ட்ரி.

நான் படிச்சது மெக்கானிக்கல், எழுதறது ஜாவா. (தமிழ்நாட்டுல இதுக்கு விளக்கம் தேவையில்ல.) ஹீட் டிரான்ஸ்ஃபர்ல அரியர் வெச்சு ரெண்டாவது தடவை பாஸ் பண்ணினவன். அந்தப் பாடம் வாழ்க்கையில பயன்பட்ட ஒரே இடம் காய் சுடறதுதான்.

தண்ணி 100 டிகிரியில கொதிக்கும். காயோட மேல்பக்கம் ஈரம் இருக்கற வரைக்கும் அந்த இடத்துல சூடு நூறைத் தாண்டவே தாண்டாது. நீங்க குடுக்கற சூடெல்லாம் தண்ணியை ஆவியாக்கறதுக்கே போயிடும், கிராமுக்கு கிட்டத்தட்ட 2257 ஜூல். ஆனா அந்தப் பழுப்பும், அடுத்த வீட்டுக்குப் போற வாசமும் தர்றது மெய்லார் வினை. லூயி கமீல் மெய்லார்ங்கற பிரெஞ்சுக்காரர் 1912-ல எழுதினது. அது வேகமா நடக்க 140 டிகிரியாவது வேணும். அதாவது காய் ஈரமா இருந்தா அவிப்பீங்க, காஞ்சிருந்தா சுடுவீங்க. அவிச்ச காலிஃப்ளவருக்கும் சுட்ட காலிஃப்ளவருக்கும் இருக்கற வித்தியாசம் முழுக்க இந்த நாப்பது டிகிரியிலதான். அவிச்சது ஹாஸ்பிடல். சுட்டது கல்யாண வீடு.

அதனால, ரெண்டு பசிச்ச ஆளுக்கு:

முந்தின நாள் ராத்திரி 120 கிராம் கொண்டைக்கடலையை ஊறப் போட்டுடுங்க. காலைல உப்பு போட்டு குக்கர்ல வேக வைங்க. எங்க குக்கருக்கு ஆறு விசில், உங்க குக்கர் உங்க சமத்து. வடிச்சு ஒரு துணியில பரப்பி நல்லாக் காய விடுங்க. இந்தத் துணி வேலையை யாரும் செய்யறதில்ல, செய்யாததாலதான் யாருக்கும் மொறுமொறுன்னு வர்றதில்ல. மேல இருக்கற பாராவை இன்னொரு தடவை படிங்க.

சர்க்கரைவள்ளி 300 கிராம், தோலோட, ஒரு இஞ்ச்க்குக் கொஞ்சம் கம்மியா சதுரமா. காலிஃப்ளவர் பாதிப் பூ, மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீர்ல முக்கி எடுத்து (புழு நண்பர்களுக்கு விடை குடுத்து) நல்லாத் துடைச்சு. கேரட் ரெண்டு. பெரிய வெங்காயம் ஒண்ணு, நாலா பிளந்து இதழ் இதழா. குடைமிளகாய் ஒண்ணு. உரிக்காத பூண்டு நாலு பல். ரெண்டு டேபிள்ஸ்பூன் கடலெண்ணெய், உப்பு, மிளகாத்தூள் கொஞ்சம், சீரகத்தூள் கொஞ்சம். கையாலயே பெசைங்க, கரண்டி வேணாம்.

ஓடிஜி இருக்கறவங்க 220 டிகிரியில கால் மணி நேரம் முன்னாடியே சூடு பண்ணி வைங்க. தட்டுல ஒரே அடுக்கு, ஒண்ணுமேல ஒண்ணு ஏறக் கூடாது. காலைல தாம்பரம் லோக்கல் மாதிரி அடைச்சீங்கன்னா ஒருத்தர் விடற ஆவியில இன்னொருத்தர் வேகுவார், அம்புட்டும் அவியல் ஆயிடும். தட்டு பத்தலையா, ரெண்டு தடவையாப் போடுங்க. கிழங்கும் கேரட்டும் மொதல்ல, பத்து நிமிஷம் கழிச்சு காலிஃப்ளவர், வெங்காயம், பூண்டு, இன்னொரு பத்து நிமிஷம் கழிச்சு குடைமிளகாய். மொத்தம் 35, 40 நிமிஷம். நடுவுல ஒரே ஒரு தடவை திருப்பினா போதும். சும்மா சும்மா கதவைத் திறந்து பாக்காதீங்க, அது டிவி இல்ல. கொண்டைக்கடலையில பாதியை எண்ணெய் தடவி தனித் தட்டுல மொறுமொறுன்னு ஆக்கிக்கோங்க. மீதிப் பாதி மெத்துன்னே இருக்கட்டும், வாய்க்கு ரெண்டும் வேணும்.

ஓடிஜி இல்லாதவங்க ஓடிப் போயிடாதீங்க. ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் என்கிட்டயும் கிடையாது, இரும்பு தோசைக்கல்தான். கிழங்கை முக்கால் வேக்காடு அவிச்சு ஆறவிட்டு நறுக்கி, கல்லுல எண்ணெய் விட்டு, போட்டுட்டு அஞ்சு நிமிஷம் கையை வெச்சுக்கிட்டு சும்மா இருங்க. நம்மாளுங்களுக்கு இதான் கஷ்டம். வாணலின்னா கிளறணும்னு ரத்தத்துலயே ஊறிப் போச்சு. கிளறக் கிளற காய் பழுக்காது, உடையும்.

ஊத்தறதுக்கு: 20 கிராம் எள்ளை வெறும் சட்டியில வெடிக்க விட்டு, அந்தச் சுட்ட பூண்டைத் தோல்லேருந்து பிதுக்கிப் போட்டு, ஒரு எலுமிச்சை, உப்பு, கொஞ்சம் வெல்லம், தண்ணி விட்டு அரைங்க. மோர்க்குழம்பு பதத்துக்கு வரணும். லெபனான், சிரியாப் பக்கம் தஹினின்னு சொல்றாங்களே, அதுவும் அரைச்ச எள்ளுதான், பேரைக் கேட்டு பயந்துடாதீங்க. காய் சூடா இருக்கறப்பவே பாதியை ஊத்திக் கலந்துடணும், அப்பதான் உள்ள இழுக்கும். ஆறினப்புறம் ஒரு வெங்காயத்தை மெல்லிசா சீவி உப்புலயும் எலுமிச்சையிலயும் ஊற வெச்சது, கொத்தமல்லி, புதினா, வறுத்த வேர்க்கடலை 40 கிராம். சந்தையில பருப்புக்கீரை கிடைச்சா பச்சையாவே கிள்ளிப் போடுங்க, லேசாப் புளிக்கும். லெபனான்காரங்க அவங்க ஃபத்தூஷ் சாலட்ல இந்தக் கீரையைத்தான் பச்சையாப் போடறாங்க. நாம அதை வேக வெச்சு மசிச்சுட்டுத்தான் விடுவோம்.

எண்ணெய் வேணாம்னு ஒருத்தர் வருவார். 2004-ல அமெரிக்காவுல அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காரங்க, சிலருக்கு எண்ணெய் இல்லாத டிரெஸ்ஸிங் ஊத்தியும் வேற நாள்ல அவங்களுக்கே எண்ணெய் ஊத்தியும் சாலட் குடுத்து ரத்தத்தைப் பாத்தாங்க. சின்ன ஆய்வுதான். கொழுப்பே இல்லாதப்ப கேரட், தக்காளியில இருக்கற கரோட்டினாய்டு ரத்தத்துல ஏறவே இல்லைன்னு சொல்லலாம். சாலட்டைச் சாப்பிட்டும் சாப்பிடாத மாதிரி. அதனால ஊத்துங்க.

ஒரு ஆள் பங்குக்கு நான் போட்ட கணக்கு: 700லேருந்து 750 கலோரி, புரதம் 20 கிராமுக்கு மேல, காய் மட்டும் 350 கிராமுக்கு மேல. ஒரே வேளையில! ஆறு மணி வரைக்கும் பசிக்காது. பசிச்சா வந்து என்னை உதைங்க.

இனிமே எதிர்ப்புகள். ஒவ்வொண்ணா வாங்க.

"இதெல்லாம் நம்ம பண்பாட்டுலயே இல்லையே." அடடா. அடுப்புச் சாம்பல்ல சர்க்கரைவள்ளியைப் புதைச்சு வெச்சு சாயங்காலம் எடுத்து ஊதி ஊதித் தின்னது யாரு? கத்திரிக்காயை நெருப்புல சுட்டு கொத்சு பண்றது யாரு? ஸ்பெயின்ல கட்டலோனியாப் பக்கம் 'எஸ்கலிவாடா'ன்னு ஒண்ணு பண்றாங்க. கத்திரிக்காய், குடைமிளகாய், வெங்காயத்தைத் தணல்ல சுட்டு, தோலை உரிச்சு, எண்ணெய் ஊத்தித் திங்கறது. தணல்ல சுடறதுங்கறதுதான் அந்தப் பேருக்கே அர்த்தம். சாம்பலுக்கு ஏது பாஸ்போர்ட்டு? சுண்டல், கோசுமல்லி, பச்சடி எல்லாம் நம்மகிட்ட இருக்கறதுதான். ஆனா எல்லாத்துக்கும் 'ஓரமா உக்காரு'ன்னு இலையில ஒரு மூலை. சுண்டலுக்கு ஒன்பது நாள் நவராத்திரி, மீதிக்கு பீச். பண்பாடுன்னு பேசறவங்க, மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும், ஏன் இந்த சர்க்கரைவள்ளியுமே, கொலம்பஸ் போன திசையிலேருந்து வந்ததுதான்னு நினைவுல வெச்சுக்கோங்க.

"தாவர உணவா? அப்ப நீ அந்த குரூப்பா?" இது கொஞ்சம் நியாயமான சந்தேகம். இதுக்கு மட்டும் சீரியஸா பதில் சொல்றேன். நான் அந்த குரூப் இல்ல. ஞாயித்துக்கிழமை மட்டன் குழம்பு உண்டு, அயிரை மீன் கிடைச்சா கிழமை பாக்கறதில்ல. இந்த ஊர்ல 'சைவம்'ங்கற வார்த்தையோட சாதி ஒட்டிக்கிட்டே வருது, சாப்பாட்டை வெச்சு ஆளை மேல கீழன்னு தரம் பிரிக்கறதும் ஒட்டிக்கிட்டு வருது. சென்னையில வீடு தேடறப்ப "நான்வெஜ் சமைக்க மாட்டீங்கல்ல"ன்னு கேட்ட ஒரு ஓனர்கிட்ட, வேண்டாம் சார்னு சாவியைத் திருப்பிக் குடுத்துட்டு வந்தவன் நான். அந்த அசிங்கத்துக்கும் இந்தத் தட்டுக்கும் சம்பந்தம் இல்ல. கொண்டைக்கடலை யார் அப்பன் வீட்டுச் சொத்தும் கிடையாது. கறி திங்கறவன் காய் நிறைய தின்னா கட்சி மாறிட்டான்னு அர்த்தம் இல்ல. அவங்க உரிமை கொண்டாடறாங்கங்கறதுக்காக காய்கறியையே அவங்ககிட்ட விட்டுக் குடுத்துட்டு, நாம சோறும் சால்னாவுமா சுகரை வாங்கிக்கறது என்ன அரசியல் மக்கா?

"ஐ.டி. காரன், ஓடிஜி வாங்குவே, பேசுவே." ஒத்துக்கறேன். அதான் தோசைக்கல் வழியும் சொன்னேன். ஆனா செலவுக் கணக்கும் பாருங்க. ஆலிவ் ஆயில் இல்ல, சீஸ் இல்ல, கினோவா இல்ல. ரெண்டு பேருக்கு மொத்தமா எனக்கு ஆனது 110 ரூபா சொச்சம். கரெண்டு ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல. அந்த நானூறு ரூபா கிண்ணத்துல ஏழு பேர் சாப்பிடலாம், கில்ட்டோடயே.

கடைசியா ஒண்ணு, இதை ஆம்பளைப் பதிவர்கள் மட்டும் படிச்சா போதும். நம்ம வீட்டு மத்தியானச் சாப்பாடு, அதாவது சோறு, சாம்பார், ரசம், பொரியல், கூட்டு, அப்பளம், பண்ண எவ்ளோ நேரம் ஆகுதுன்னு எப்பவாவது பாத்திருக்கீங்களா? நான் தராசோட போன அதே மூணு நாள்ல கடிகாரமும் பாத்தேன். எங்கம்மா நின்னது ரெண்டேகால் மணி நேரம். அடுப்பு முன்னாடி. சாப்பிட்டு முடிச்சு நாங்க எழுந்தது பதினஞ்சு நிமிஷத்துல. 'முழுச் சாப்பாடு'ன்னு நாம பெருமையாச் சொல்றோமே, அதோட முழுமை எல்லாம் இன்னொருத்தர் முட்டியில இருக்கு. இந்தத் தட்டு வேலைக்கு நான் நின்ன நேரம் இருபது நிமிஷம், மீதியை சூடு பாத்துக்குது. அதுவும் நானே செஞ்சேன். "அம்மா, எனக்கு சாலட் பண்ணிக் குடு"ன்னு சாம்பார் ரசத்தோட சேத்து ஏழாவது ஐட்டமா இதையும் கேக்கறதா இருந்தா, தயவுசெஞ்சு இந்தப் பதிவை மறந்துடுங்க.

என் தரப்புல இருக்கற ஓட்டையையும் நானே சொல்லிடறேன், இல்லைன்னா யாராவது வந்து கும்மிட்டுப் போவீங்க. அவிச்ச சர்க்கரைவள்ளியைவிட சுட்டதுக்கு கிளைசெமிக் இண்டெக்ஸ் அதிகம். சுடச் சுட அதுல இருக்கற மாவு மால்ட்டோஸ் சர்க்கரையா மாறுது, அதான் அந்த இனிப்பே. அதனால சுகர் இருக்கறவங்க கிழங்கைப் பாதியாக் குறைச்சு காலிஃப்ளவரையும் கத்திரிக்காயையும் ஏத்திக்கோங்க. இன்சுலின் போடறவங்க டாக்டரைக் கேக்காம திடீர்னு சோத்தை நிறுத்தாதீங்க, சுகர் சர்ருனு இறங்கிடும். எனக்கு எட்டு மாசம் கழிச்சு 5.6 வந்துது. சாலட்டால மட்டும்னு சொல்ல மாட்டேன், ராத்திரி நடக்கவும் ஆரம்பிச்சேன், நாலு மணி போண்டாவும் நின்னுது.

ஆங், அப்பா. போன மாசம் ஊருக்குப் போனப்ப தோசைக்கல்லுல பண்ணிக் குடுத்தேன், கத்திரிக்காய் தூக்கலா. பெரிய தட்டு. ஒண்ணும் பேசாம முழுசா சாப்பிட்டார். விரலால எள்ளை வழிச்சு நக்கினதை நானும் அம்மாவும் பாத்தோம். எனக்கு ஒரே புல்லரிப்பு. கை கழுவப் போறார்னு பாத்தா, உக்காந்த இடத்துலயே அம்மாவைப் பாத்து, "சரி, சோத்தைப் போடு"ன்னார்.

அவ்வ்வ்வ்.

ஆனா அன்னிக்கு அவர் வாங்கின சோறு 210 கிராம். தராசு என் மடியிலதான் இருந்துது. அம்மாவும் எங்களோடயே உக்காந்து சாப்பிட்டாங்க, அன்னிக்கு சட்டியில காலியாக எதுவும் இல்லையே.

அடுத்த வாரம் திரும்பவும் போறேன். ஓடிஜியை அங்கயே வெச்சுட்டு வந்துடலாம்னு யோசனை, எனக்கு தோசைக்கல் போதும். அட்டைப்பெட்டியோட ஒன்பது கிலோ வருது. ராத்திரி மன்னார்குடி பஸ்ல இதை மடியில வெச்சுக்கிட்டுப் போக விடுவாங்களா, இல்ல லக்கேஜ் டிக்கெட் போடுவாங்களா? தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்கப்பா.